போல்ட்டின் பின்னங்கால்

போன மாதம் நம் பத்தாம் வகுப்பு செட்டு கவரப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினோமே, அன்று எதைப் பேசினோம் என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? நான் சொல்கிறேன். முட்டி. மூன்று மணி நேரத்தில் இரண்டரை மணி நேரம் முட்டியைப் பற்றித்தான் பேசினோம். யாருக்கு எந்த முட்டி, எந்த டாக்டர், எந்தத் தைலம். நம்மில் ஒருத்தி முட்டி மாற்று ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு, "கத்தி வைக்கட்டுமா வேணாமாடி, நீ சொல்லு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பாயசத்தைக் குடித்துக்கொண்டே, "எங்க நாயிக்கு வெச்சோம்" என்றேன். அவள் இலையை மடித்துவிட்டு வேறு வரிசைக்குப் போய்விட்டாள். அவள் கோபம் நியாயம்தான். ஆனால் காலையும் கத்தியையும் சேர்த்து யார் சொன்னாலும் எனக்குப் போல்ட்டுதான் ஞாபகத்துக்கு வருவான். அன்று சொல்ல வாய் வராததை இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். கோபித்துக்கொண்டவளும் படிக்கட்டும்.

நான் ஏழாவது படித்த வருஷம் அது. கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குப் பின்னால் பன்னிரண்டு வீட்டு லைனில் நாலாவது வீடு எங்களுடையது. நைனா இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் ஷிப்டு மேஸ்திரி. கொடியில் காய்ந்த துணியை உதறினால் கறுப்புத் தூள் கொட்டும். அம்மா வெள்ளைத் துணி வாங்குவதையே விட்டுவிட்டாள். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய வட்டக் காந்தம் ஒன்று என்னிடம் இருந்தது. கயிற்றில் கட்டித் தெருக்கோடி வரை இழுத்துக்கொண்டு போய்த் திரும்பினால் அதற்குத் தாடி முளைத்திருக்கும். நம்மில் கம்பெனிப் பக்கம் வளர்ந்த எல்லோரும் இழுத்திருப்போம். யாரிடமாவது அந்தக் காந்தம் இன்னும் இருக்கிறதா? என்னுடையது எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்றுகூடத் தெரியவில்லை.

உலைக்கு முன்னால் நிற்கிறவர்களுக்குக் கம்பெனியில் உப்பு மாத்திரையும் வெல்லக் கட்டியும் கொடுப்பார்கள். நைனா மாத்திரையை அங்கேயே விழுங்கிவிட்டு வெல்லத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். அந்த வெல்லத்தில் கிரீஸ் வாசனை அடிக்கும். பாதி எனக்கு, பாதி போல்ட்டுக்கு. கிரீஸ் வாசனை இல்லாத வெல்லம் எனக்கு இன்றைக்கும் ஏதோ குறைந்த மாதிரிதான் இருக்கிறது.

போல்ட்டு பழைய இரும்பு லாரியில் வந்தவன். நசுங்கின ஒரு டிரம்மைத் தட்டியபோது உள்ளேயிருந்து குட்டியாக உருண்டு விழுந்தானாம். நிறமும் துரு நிறம். நைனா துண்டில் சுருட்டி எடுத்து வந்தார். "மனுசங்களுக்கே எடமில்ல, இது ஒண்ணு கொறச்சலா?" என்று அம்மா கத்தினாள். கத்திக்கொண்டே கொட்டாங்குச்சியில் பால் ஊற்றினாள். அம்மா அப்படித்தான், வாய் ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும்.

இரண்டு மணிக்கு மில்லில் சங்கு ஊதும். போல்ட்டும் தலையைத் தூக்கிக்கொண்டு கூடவே ஊதுவான். ஆனால் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே மில் கேட்டுக்குப் போய்க் கேட் மாமாவின் நாற்காலிக்குக் கீழே படுத்துவிடுவான். நைனா வெளியே வந்ததும் சைக்கிளுக்குப் பின்னால் ஓடி வருவான். "அது உங்கள கூட்டியார போவுதா, வெல்லத்த கூட்டியார போவுதா?" என்று அம்மா கேட்பாள்.

கேட் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு வலது கால் முட்டிக்கு மேலிருந்தே கிடையாது. நாலு வருஷத்துக்கு முன்பு நைனாவின் ஷிப்டில் வேலை பார்த்தவர். உருளையிலிருந்து செக்கச்செவேலென்று வந்த கம்பி ஒன்று தடம் மாறித் துள்ளி அவர் காலைச் சுற்றிக்கொண்டது. அதற்கப்புறம் கம்பெனியில் கேட் வேலை கொடுத்தார்கள். கல்யாணம் ஆகவில்லை. கேட்டை ஒட்டின அறையில் தனியாக இருந்தார். லைனில் எல்லோரும் அவரிடம் பேசுவார்கள். நைனா மட்டும் கேட்டைத் தாண்டும்போது நாற்காலிப் பக்கம் தலையைத் திருப்பாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். பெரியவர்களுக்குள் ஏதோ சண்டை என்று நினைத்துக்கொண்டேன். அந்த வயதில் நமக்கு அதற்கு மேல் அக்கறையும் இல்லை.

பொங்கல் முடிந்த வாரம் போல்ட்டு இடது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு வந்தான். எவனோ கல்லால் அடித்தான் என்றாள் அம்மா. லாரி இடித்திருக்கும் என்றார் நைனா. இரண்டு பேரும் அன்று சாயங்காலம் வரை அதற்குச் சண்டை போட்டார்கள். கல்லும் இல்லை, லாரியும் இல்லை என்று யாருக்கும் தோன்றவில்லை. கம்பெனிக்காரர்கள் வீட்டில் எலும்பு வலித்தால் யாரோ எதையோ போட்டு இடித்ததாகத்தான் அர்த்தம்.

நம் பக்கத்தில் எலும்பு என்றால் ஆஸ்பத்திரி கிடையாது, புத்தூர் கட்டுதான். ஆந்திரா எல்லை தாண்டிப் புத்தூருக்கே போக முடியாதவர்களுக்காக ஊத்துக்கோட்டை ரோட்டில் அதே மாதிரிக் கட்டுப் போடுகிறவர் ஒருவர் இருந்தார். நைனாவின் முழங்கை ஒரு தடவை முறிந்து அவர் கட்டில்தான் கூடியது. அந்தக் கையை நீட்டி மடக்கிக் காட்டாத விருந்தாளி எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. நைனா போல்ட்டைக் கோணியில் உட்கார வைத்து சைக்கிள் கேரியரில் கட்டினார். பிடித்துக்கொள்ள நான் பின்னாலேயே நடந்தும் ஓடியும் போனேன்.

கட்டுப் போடுகிறவர் காலைத் தடவிப் பார்த்தார். போல்ட்டு உறுமினான்.

"மேஸ்திரி, முறிவு மாதிரி தெரியல. வீக்கமா கீது."

"லாரி இட்ச்சிருக்கு. நீங்க கட்டுங்க."

"மாட்டுக்குக் கட்டியிருக்கேன். நாயிக்கு இதான் மொதல் தடவ."

"என் கைக்குக் கட்டினது மாதிரியே கட்டுங்க. பாருங்க, எப்டி கீது" என்று நைனா கையை நீட்டி மடக்கிக் காட்டினார். காத்துக்கொண்டிருந்த கூட்டமே அதைப் பார்த்தது. அதற்கப்புறம் அவர் என்ன சொல்ல முடியும்? முட்டை வெள்ளைக்கருவில் கறுப்பு மருந்தைக் குழைத்துத் தடவி, மூங்கில் பத்தை வைத்து, இறுக்கிக் கட்டிவிட்டார். இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டு, மொத்தம் மூன்று கட்டு. அதுவரை பத்தியம். புளி ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகவே ஆகாது.

நாய்க்குப் பத்தியம் இருந்த வீடு நம் ஜில்லாவிலேயே எங்கள் வீடாகத்தான் இருக்கும். அம்மா தனிச் சட்டியில் புளியில்லாமல் மிளகு ரசம் வைத்துச் சோற்றைக் குழைத்து வைப்பாள். போல்ட்டு கருவாடென்றால் உயிரை விடுவான். அவன் ஆசைப்பட்டு அழக்கூடாதென்று ஆறு வாரம் எங்கள் வீட்டில் கருவாடே வறுக்கவில்லை. பக்கத்து வீட்டில் வறுத்தபோது அம்மா போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தாள். "ஊட்ல நோயாளி கீறது தெரியாது?" என்று கேட்டாளாம். அந்த அக்கா யார் நோயாளி என்று பயந்துபோய்ப் பார்க்க வந்தாள். வந்தவள் போல்ட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது.

இன்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வெட்கமாகவும் இருக்கிறது. அத்தனை அன்பாக, அத்தனை கவனமாக, தப்பான வைத்தியத்தை ஆறு வாரம் செய்தோம். அவன் இரவெல்லாம் முனகினான். எலும்பு கூடும்போது அப்படித்தான் வலிக்கும் என்று நைனா தன் முழங்கையைச் சாட்சிக்கு இழுத்தார்.

மூன்றாவது கட்டைப் பிரித்தபோது முட்டிக்குக் கீழே வீக்கம் தேங்காய் அளவுக்கு இருந்தது. கட்டுப் போடுகிறவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "இது என் வேலை இல்ல மேஸ்திரி. கட்டுக்குள்ள வீங்கறது முறிவு கெடையாது. பட்டணம் எட்த்துகினு போ" என்றார். நைனா முதல் தடவையாகத் தன் கையைப் பற்றி எதுவும் பேசவில்லை.

பட்டணத்தில் பெரிய மாட்டாஸ்பத்திரிக்கு ரயிலில் போனோம். வெண்டர் பெட்டியில் மீன் கூடைகளுக்கு நடுவில் போல்ட்டு என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தான். அவனுக்கு மீன் வாசனைகூடப் பொருட்டில்லாமல் போனதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கரையான் அரித்த கதவுச் சட்டம் மாதிரி இருந்தது எலும்பு.

"எலும்புல கேன்சர். கட்டு போட்டா சேராது. இப்படியே விட்டா வலி கூடிக்கிட்டே போகும், ஒரு நாள் எலும்பு தானா ஒடையும். காலை இடுப்போட எடுத்துட்டா வலி போயிடும். நாய்ங்க மூணு கால்ல நல்லாவே நடக்கும். ஆனா நோய் வேற எடத்துக்கும் போயிருக்கலாம். சில மாசம் இருக்கும், அதுக்கு மேல நான் சொல்ல முடியாது. அதுவும் வேணாம்னா, வலியில்லாம தூங்க வெச்சிடலாம்."

நைனா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல பேசிட்டு வெள்ளிக்கிழமை வாங்க. வெட்டறதுன்னா சொந்தக்காரர் கையெழுத்து போடணும்."

கையெழுத்து என்றதும் நைனா எழுந்துவிட்டார். போல்ட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தார். நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பின்னால் ஓடினேன்.

வெள்ளிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. அந்த ஐந்து நாளும் எங்கள் லைனே வைத்தியசாலையாக மாறிவிட்டது. "கேன்சர் மனுசனுக்குத்தான வரும்?" என்றார் ஒருவர். ஒட்டிக்கொள்ளும் நோய் என்று ஒருவர் தண்ணீர்க் குடத்தைத் தள்ளி வைத்தார். வாயில்லாத ஜீவனை முடமாக்குவது பாவம் என்று ஒரு கட்சி. ஊசி போட்டுவிடுங்கள் என்று ஒரு கட்சி. அம்மா எந்தக் கட்சியிலும் சேராமல் கருவாட்டை வறுத்து முள்ளெடுத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். போல்ட்டு இரண்டு வாய்க்கு மேல் தின்னவில்லை. நைனாவைக் கேட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார்.

இன்னொன்றையும் கவனித்தேன். கேட் மாமா தண்ணீர் பிடிக்க லைனுக்கு வந்தால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சாக்குக்கு மழையைப் பற்றியும் கேபிள் டிவியைப் பற்றியும் பேசுவார்கள். ஏன் என்று அம்மாவிடம் கேட்டேன். அப்போதுதான் அம்மா சொன்னாள்.

மில்லில் அடிபட்டால் ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் கையெழுத்துக் கேட்பார்கள். வேலைக்கு வந்தவர்களின் சொந்தமெல்லாம் எங்கோ ஊரில் இருக்கும். அதனால் அந்த ஷிப்டு மேஸ்திரிதான் அண்ணன் என்றோ மாமா என்றோ எழுதிக் கையெழுத்துப் போடுவார். அது அந்த மில்லின் வழக்கம். கேட் மாமாவின் அப்பா அம்மா ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில் கழனி வேலையில் இருந்தார்கள். தகவல் போய் அவர்கள் வருவதற்கு மூன்று நாள் ஆனது. அதற்குள் காலை எடுக்காவிட்டால் ஆளே போய்விடுவான் என்று டாக்டர்கள் சொன்னார்கள். நைனா 'அண்ணன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அதுக்கப்பறம் அந்தாள் மூஞ்சிய பாக்கவே உங்க நைனாவுக்குத் தைரியம் இல்ல" என்றாள் அம்மா. "நீ போயி எதுனா ஒளறி வெக்காத."

நான் போய் உளறினேன். புதன்கிழமை பள்ளிக்கூடம் போகிற வழியில் நைனாவுக்குச் சோறு கொண்டுபோனபோது கேட் மாமாவே என்னை நிறுத்தினார். "கட்டோடயே நொண்டிகினு வந்த நாயி, நாலு நாளா வரல. கேட்டா எல்லாரும் மழ வருமான்னு என்னையே கேக்கறீங்க. இன்னாடி ஆச்சு?" நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கையெழுத்து விஷயத்தையும் சேர்த்து. அவர் முகம் சிவந்துவிட்டது. "சோறு ஆறுது, போ" என்று கேட்டைத் திறந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். நைனா வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். ஊன்றுகோல் சத்தம் கேட்டது. நாலு வருஷத்தில் கேட் மாமா எங்கள் வீட்டைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை.

"மேஸ்திரி, நாயி விசயத்த ஏன் என்கிட்ட மறைக்கற? அது தெனமும் என் நாக்காலி கீழ படுத்துகினு கெடக்கற நாயி."

நைனா சோப்பு முகத்தோடு கண்ணை மூடிக்கொண்டே நின்றார். "மறைக்கல. உனுக்கு எதுக்கு பேஜாருன்னுதான்..."

"கால் வெட்ற பேச்சக் கேட்டா நான் அழுதுடுவேன்னு லைன்ல எல்லாரும் முடிவு பண்ணிட்டீங்களா? கால் போனவன் இங்க நான் ஒருத்தன்தான். என்னத் தவிர எல்லாரையும் கேக்கறே."

"என்னால கையெழுத்து போட முடியல" என்றார் நைனா. "அன்னிக்கி நீ வேணாம் வேணாம்னு கத்தினே. ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டுச்சு. கேட்டுகினேதான் போட்டேன்."

கேட் மாமா துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

"போட்டது சரியா தப்பான்னு கேக்கறியா? எனக்கே தெரியாது மேஸ்திரி. வெயில் நாள்ல சரின்னு தோணும். மழ நாள்ல, இல்லாத கால்ல கொடச்சல் எடுக்கும் பாரு, அப்ப உன்ன வாய்க்கு வந்தபடி திட்டுவேன். ஆனா நாலு வருசமா என் மூஞ்சிய பாக்காம சைக்கிள தள்ளிகினு போனே பாரு, அது தப்பு. அதுல மட்டும் எனக்கு சந்தேகமே இல்ல."

நைனா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுவே முதல் தடவை. சோப்பு நுரை முகத்திலேயே காய்ந்துகொண்டிருந்தது. அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்க் காபி போட்டாள். கேட் மாமாவுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை, நாலு வருஷம் ஆகியும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

காபியைக் குடித்துவிட்டு அவர் போல்ட்டின் காதைத் தடவிக்கொண்டே சொன்னார். "எனக்கு வலிய வுட பயம்தான் பெருசா இருந்துச்சு. வேல போயிடும், எவனும் பொண்ணு குடுக்க மாட்டான், ஊர்ல சிரிப்பானுங்க. இதுக்கு அந்தக் கவலையெல்லாம் இன்னா கீது? வலி ஒண்ணுதான். அத எட்த்துடு. வெள்ளிக்கெழம நானும் வரேன்."

வெள்ளிக்கிழமை நாலு பேரும் போனோம், நைனா, கேட் மாமா, நான், போல்ட்டு. எனக்கு முழுப்பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது, ஆனால் அம்மாவே போகச் சொல்லிவிட்டாள். டாக்டரம்மா தாளை நீட்டினார். மேலே மின்விசிறி சுற்றியதில் தாள் படபடத்தது. கேட் மாமா குனிந்து அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நைனா கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. போல்ட்டை மயக்கத்தோடு வெளியே கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் முடியெல்லாம் மழித்து, தையல் போட்டு, பார்க்கவே வேறு நாய் மாதிரி இருந்தான். பின்னால் வந்த ஆள், "காலை எட்த்துகினு போறீங்களா, இங்கயே போட்டுடட்டா?" என்று கேட்டார். நான் திகைத்துப்போனேன். நைனா ஒரு நொடிகூட யோசிக்காமல் தோளில் இருந்த துண்டை விரித்து நீட்டினார்.

ரயில் திருவொற்றியூர் தாண்டும் வரை கேட் மாமா அந்தத் துண்டு மூட்டையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அது எதுக்கு மேஸ்திரி? அங்கயே வுட்டுட்டு வந்திருக்கலாம்ல?"

நைனா மூட்டையை மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

"என்னுத அங்கயே போட்டுட்டாங்களா?"

எண்ணூர் போனது. அத்திப்பட்டு போனது. மீஞ்சூரில் மீன்காரம்மாக்கள் இறங்கி, பெட்டி கொஞ்சம் காலியானது. அப்போதுதான் நைனா வாயைத் திறந்தார். "இல்ல. என்கிட்ட குட்த்தாங்க. அண்ணன்னு எழுதியிருந்தேனே, அதனால என்னைக் கூப்புட்டுக் குட்த்தாங்க. கோணில சுத்தி இதே ரயில்ல எட்த்துகினு வந்தேன். ஏரிக்கரையில பொதச்சேன்."

"ஏன் சொல்லல?"

"எப்டி சொல்லுவேன்? நீ உசுரோட படுத்துகினு கீறே. உன்ன பொதச்சிட்டு வந்தேன்னு உன்கிட்டயே எப்டி சொல்றது?"

கேட் மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பொன்னேரி தாண்டியும் திரும்பவில்லை. அவர் நைனாவை அடித்துவிடுவாரோ என்று நான் போல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது, "அந்த எடம் எனக்குத் தெரிய வேணாம்" என்றார். அவ்வளவுதான். நைனா துண்டு மூட்டையோடு தனியாக ஏரிக்கரைப் பக்கம் நடந்தார். நானும் கேட் மாமாவும் போல்ட்டோடு மீன்பாடி வண்டியில் வீட்டுக்கு வந்தோம்.

அதற்கப்புறம் ஆறு மாதம் போல்ட்டு ராஜா மாதிரி இருந்தான். முதல் மூன்று நாள் எழுந்து எழுந்து விழுந்தான். அம்மா பழைய புடவையைக் கிழித்து அவன் வயிற்றுக்குக் கீழே தொட்டில் மாதிரி பிடித்துக்கொண்டு லைன் முழுக்க நடந்தாள். "இத வெளிய வுட்டாதான் நிம்மதி" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். நாலாம் நாள் அவன் விளக்குக் கம்பத்துக்குப் போய்ப் பழக்க தோஷத்தில் காலைத் தூக்கப் பார்த்தான். தூக்க வேண்டிய கால்தான் அங்கே இல்லையே. வேலை தானாகவே நடந்தது. அவன் அதிசயமாகத் திரும்பிப் பார்த்த பார்வையில் லைனே உருண்டு சிரித்தது. பாவம் என்று சொன்ன கட்சியும் சிரித்தது.

பத்தாம் நாள் தானாகவே கேட்டுக்குப் போய் நாற்காலிக்குக் கீழே படுத்துவிட்டான். சங்கு ஊதியதும் கூடவே ஊதினான். நாலு காலில் ஒரு தடவைகூடப் பிடிக்காத கோழியை மூன்று காலில் பிடித்தான், அதற்கு அம்மா போய் மன்னிப்புக் கேட்டாள். நைனா இப்போது கேட்டில் சைக்கிளை நிறுத்தி அரைமணி நேரம் பேசிவிட்டுத்தான் வருவார். வெல்லம் மூன்று பங்காகிவிட்டது. என் பங்கு குறைந்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரண்டு பேரும் அத்தனை பேசினார்களே தவிர, ஏரிக்கரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

புரட்டாசியில் இருமல் ஆரம்பித்தது. டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார். நைனா தயங்கித் தயங்கிக் கேட்டார், "ஆறு வாரம் கட்டு போட்டு வெச்சிருந்தேனே, அதனாலயாம்மா?" அவர் இல்லை என்றார். முன்னாலேயே வந்திருந்தாலும் பெரிதாக மாறியிருக்காது என்றார். அது உண்மைதான் என்று பின்னாளில் நானும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்த ஆறு வார வலியை அவனுக்கு மிச்சப்படுத்தியிருக்கலாம். நாங்கள் செய்த தப்பு அது, அதை எந்த டாக்டரும் தப்பில்லை என்று சொல்லிவிட முடியாது.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் போல்ட்டு நாற்காலிக்குக் கீழேயே போய்விட்டான். கேட் மாமாதான் முதலில் பார்த்தார். நைனா மண்வெட்டியோடு வந்தபோது, "அதோட கால் கீற எடத்துலயே வெச்சுடு" என்றார். நைனா தலையாட்டினார். நான் போல்ட்டைச் சாக்கோடு தூக்கிக்கொண்டேன். இருமல் வந்ததிலிருந்து பாதியாக இளைத்திருந்தான், கனமே இல்லை. பத்தடி போனதும் பின்னால் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. கேட் மாமா வந்துகொண்டிருந்தார்.

ஏரிக்கரையில் பனைமரங்களுக்கு நடுவில் நைனா தோண்டினார். மண் ஈரமாக இருந்ததால் சுலபமாக வந்தது. போல்ட்டை வைத்து மூடினோம். அம்மா கொடுத்தனுப்பிய கருவாட்டை நான் மேலே வைத்தேன். எனக்கு அழுகை நிற்கவில்லை. நைனா மண்ணை மிதித்துச் சமப்படுத்தினார். கேட் மாமா சுற்றுமுற்றும் பார்த்தார்.

"என்னுது எது?"

நைனா இரண்டு மரம் தள்ளிக் கையைக் காட்டினார். அங்கே அடையாளம் எதுவும் இல்லை, அறுகம்புல் முளைத்திருந்தது. கேட் மாமா சேற்றில் மெல்ல மெல்ல அங்கே போய் நின்றார்.

"மூணாம் நாள் பால் ஊத்தினியா?"

"ஊத்தினேன்."

"இன்னா சொல்லி ஊத்தினே?"

நைனா மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"தம்பி காலுன்னு சொல்லி."

தூறல் மறுபடி ஆரம்பித்தது. அதுவரை நைனாவை மேஸ்திரி என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லி அவர் கூப்பிட்டதில்லை. ஊன்றுகோலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நைனா பக்கம் நீட்டினார்.

"செரிண்ணா. கையக் குடு, சறுக்குது."